பரிசத் தட்டு ஏந்திய பாட்டுக்காரர்

அன்புள்ள தம்பிக்கு,

வரிகள் இப்படி ஏறியும் இறங்கியும் போவதைப் பார்த்து அப்பாவுக்கு உடம்பு சரியில்லையோ என்று பயந்துவிடாதே. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. கைதான் இன்னும் பழகவில்லை. 'ழ' எழுதத் தொடங்கினால் பேனா எங்கே திரும்ப வேண்டும் என்று தெரியாமல் நின்றுவிடுகிறது. என் 'ஞ' சுருண்டு படுத்த பூனை மாதிரி இருக்கும். முன்னும் பின்னும் பார்த்து நீயே ஊகித்துக்கொள். உனக்கு நான் என் கையால் எழுதும் முதல் கடிதம் இது. இதுவரை அம்மா எழுதினாள். அவள் போன பிறகு உன் அக்கா செல்வி எழுதினாள். நான் பக்கத்தில் நின்று 'அதையும் போடு, இதையும் போடு' என்பேன். செல்வி பாதியைப் போடமாட்டாள். "இதெல்லாம் எதுக்குப்பா அவனுக்கு?" என்பாள். இப்போது என்னைத் தடுக்க ஆள் இல்லை. அதனால் கடிதம் நீளும். தேநீர் ஒன்று போட்டுக்கொண்டு உட்கார்ந்து படி.

போன வாரம் நீ சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டபோது செல்வி உன்னிடம், "உன் பரிசத்துல ஒருத்தர் ஒப்பாரி பாடிட்டாருடா" என்று சொன்னதை நான் அடுப்படியிலிருந்து கேட்டேன். நீ பதறியதும் கேட்டது. பரிசம் போட்ட இடத்தில் மாப்பிள்ளை இல்லை, அங்கே ஒப்பாரி என்றால் யார்தான் பதறமாட்டார்கள்? ஆனால் செல்வி சொன்னது நடந்ததில் பாதிகூட இல்லை. பாடியவர் யார், ஏன் பாடினார், உன் மாமனார் ஏன் அவரை நிறுத்தினார், அதன் பிறகு என்ன ஆனது என்பதையெல்லாம் நான் எழுதியே தீரவேண்டும். உன் கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. அன்றைக்கு நீ செய்ய வேண்டிய வேலை ஒன்றும் இதில் இருக்கிறது.

அவர் பெயர் இஸ்மெத். பொஸ்னியா என்ற நாட்டுக்காரர். இங்கே ஆக்லாந்தில், நியூ லின் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு ஒன்று நடக்கிறது. செல்வி என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தாள். எனக்குப் பக்கத்து நாற்காலி அவருக்கு. ஐம்பத்தைந்து வயது இருக்கும், நரைத்த மீசை, அகலமான கை. ஆங்கிலத்தில் அவருக்குத் தெரிந்த சொற்கள் எனக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்தவை அவருக்குத் தெரியாது. இருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு முழு ஆங்கிலம் கிடைத்தது. ஒரு நாள் நான் பென்சிலை உடைத்துவிட்டு எனக்கு நானே மலாயில் "சாபார், சாபார்" என்று சொல்லிக்கொண்டேன். பொறுமை, பொறுமை என்று. அவர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். அவர்கள் மொழியிலும் பொறுமைக்குக் கிட்டத்தட்ட அதே சொல்தானாம். ஈப்போவில் தண்டவாளம் சரிபார்த்துக்கொண்டிருந்தவனும் ஐரோப்பாவின் ஏதோ மலையடிவாரத்துக்காரரும் ஆக்லாந்தில் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு சிநேகிதர்கள் ஆனோம். அந்த வகுப்பில் A, B, C பிடிபட்ட பிறகுதான், இது வருமென்றால் அ, ஆ ஏன் வராது என்று எனக்குத் தோன்றியது. செல்வி ஒன்றாம் வகுப்புப் புத்தகம் வரவழைத்துத் தந்தாள். அந்தக் கதை வேறு, அதை இப்போது தொடமாட்டேன்.

அவர் என்னிடம் சொன்னதெல்லாம், ஒனிஹங்காவில் ரொட்டித் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன் என்பதுதான். பாட்டுக்காரர் என்று சொல்லவே இல்லை. அது வெளிப்பட்டது காய்கறிக் கடையில். இந்தப் பக்கத்தில் திராட்சைத் தோட்டமும் பழக்கடையும் வைத்திருக்கிற டல்மேஷியர்கள் நிறையப் பேர் உண்டு; அவர்களுடைய முன்னோர்கள் இஸ்மெத்தின் நாட்டுக்குப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து வந்தவர்கள். நானும் அவரும் முட்டைக்கோஸ் வாங்கப் போனோம். கடைக்கார அம்மாள் எடை போட்டுக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தாள். தராசிலிருந்து கோஸ் உருண்டு விழுந்தது, அவள் எடுக்கவில்லை. ஏதோ ஒரு பாட்டின் முதல் வரியை மெல்லப் பாடி, "நீங்கள்தானே?" என்பது போலப் புருவத்தைத் தூக்கினாள். இஸ்மெத் "இல்லை" என்று தலையாட்டினார். அவள் நம்பவில்லை. எங்களிடம் காசும் வாங்கவில்லை. வெளியே வந்ததும், "அந்தப் பாட்டுக்காரன் அங்கேயே இருக்கிறான். இங்கே வந்தது ரொட்டிக்காரன்" என்றார்.

மிச்சத்தைச் சொன்னது அவர் மனைவி அமீரா. அந்த அம்மாளுக்கு ஆங்கிலம் நன்றாக வரும், சிரிக்கச் சிரிக்கப் பேசுவாள். இஸ்மெத்தின் அப்பா முடிதிருத்துபவராம். கடைச் சுவரில் கண்ணாடிக்குப் பக்கத்தில் நீளக் கழுத்து வாத்தியம் ஒன்று தொங்குமாம். காத்திருக்கிறவர்கள் எடுத்து வாசிப்பார்களாம். நம் பக்கத்திலும் அந்தத் தொழில் செய்யும் குடும்பங்களில் நாயனக்காரர்கள் உண்டு என்று சொன்னேன். இஸ்மெத்துக்கு அதைக் கேட்டு ஒரே சந்தோஷம். பதினெட்டு வயதில் அவர் பஸ் கண்டக்டர். தினமும் கடைசி நிறுத்தம்வரை டிக்கெட் வாங்கி, நடுவிலேயே இறங்கிப் போகிற ஒரு பெண்ணைப் பற்றி டிக்கெட்டுச் சுருளின் பின்பக்கத்தில் ஒரு பாட்டு எழுதினார். அதை வானொலிக்காரர்கள் ஒலிபரப்பினார்கள். அவ்வளவுதான், நாடு முழுக்கப் பரவிவிட்டது. இசைத்தட்டு வந்தது, கச்சேரி வந்தது, ஜெர்மனியில் கூலிவேலை செய்யும் அவர்கள் ஊர்க்காரர்கள் ரயில் ஏறி வந்து கேட்டார்கள். தானே எழுதித் தானே மெட்டுப் போட்டுத் தானே பாடுவாராம். அந்தப் பஸ் பெண்தான் அமீரா. "எந்த ஊரில் போய் இறங்கினாலும் கடையில் என்னைப் பற்றிய பாட்டு ஓடும். முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு பெருமையாக இருந்தது. பத்து வருஷம் கழித்து எரிச்சலாக இருந்தது" என்றாள். இஸ்மெத் காப்பியைக் குடித்துக்கொண்டே, "கடைசி நிறுத்தம்வரை டிக்கெட் எடுத்தது யார் குற்றம்?" என்றார்.

பிறகு அவர்கள் நாட்டில் போர் வந்தது. ஊரைச் சுற்றியிருந்த மலைகளில் பீரங்கிகளை நிறுத்தினார்கள். இஸ்மெத் நிலவறைகளில் பாடினார், மெழுகுவத்தி வெளிச்சத்தில். இருபது வருஷம் அவரோடு அக்கார்டியன் வாசித்தவர் தண்ணீர் பிடிக்கப் போனார், திரும்பி வரவில்லை. அன்றோடு இஸ்மெத் வாயை மூடிக்கொண்டார். இந்த நாட்டுக்கு வந்த பிறகும் பாடவில்லை. அமீரா என்னிடம் சொன்னாள்: "மேடையில் பாடச் சொல்லி நான் கேட்கவில்லை. சவரம் செய்யும்போது முணுமுணுப்பார். அந்த முணுமுணுப்பு திரும்பி வந்தால் போதும். இப்போது வீட்டில் தண்ணீர்க் குழாய்ச் சத்தம்தான் கேட்கிறது." தம்பி, இதைக் கேட்ட நாளிலிருந்து அந்த முணுமுணுப்பு வர வேண்டும் என்பது எனக்கும் ஓர் ஆசையாகிவிட்டது. ஆனால் அதற்காக நான் ஒன்றும் செய்யவில்லை. நடந்ததெல்லாம் தற்செயல்.

உன் பரிசத்துக்குத் தட்டுகள் ஒற்றைப்படையில் தயாராக இருந்தன. அன்று காலை உன் அத்தானுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அவசர அழைப்பு வந்துவிட்டது. ஒரு தட்டுக்கு ஆள் இல்லை. செல்வி தலையில் கையை வைத்தாள். "இஸ்மெத்தைக் கூப்பிடுறேன்" என்றேன். "அவருக்கு என்னாப்பா தெரியும்?" என்றாள். "தட்டைத் தூக்கத் தெரியாதா? ரொட்டித் தட்டையே நாள் முழுக்கத் தூக்குறாரு" என்றேன். அவர் கறுப்புக் கோட்டும் வெள்ளைச் சட்டையுமாக வந்துவிட்டார். தேங்காய் வைத்த தட்டைக் கொடுத்தோம். காரில் ஒனிஹங்காவில் இருக்கிற பெண் வீட்டுக்குப் போகும்போது என்னிடம் கேட்டார்: "மாப்பிள்ளை எங்கே?" சிங்கப்பூரில் என்றேன். "அப்படியானால் அவனுக்குப் பதில் நாமா?" ஆமாம் என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த 'ஆமாம்' எவ்வளவு பெரிய சொல் என்று எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் ஊர் வழக்கம் இது: மாப்பிள்ளை வீட்டாரோடு பெண் வீட்டுக்குள் போகிறவர்கள் பாட வேண்டும். பாடாமல் திரும்பினால் மாப்பிள்ளைக்கு அவமானம். அதுவும், பெண்ணின் வீடு அழும்படி பாட வேண்டும். வீடு அழவில்லை என்றால் அந்தப் பெண் அங்கே ஒரு சுமையாகத்தான் இருந்தாள் என்று ஊர் பேசுமாம். எங்களோடு வந்தவர்களில் ஒருவரும் பாடவில்லை என்பதை இஸ்மெத் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். தட்டு மாற்றியாகிவிட்டது. சாப்பாட்டுக்கு இலை போடுகிற நேரம். அவர் மெல்ல எழுந்து நின்றார், கோட்டுப் பொத்தானைப் போட்டார், பாட ஆரம்பித்தார்.

தம்பி, தூரத்தில் சரக்கு ரயில் வரும்போது சத்தம் காதுக்கு வருமுன் தண்டவாளத்தில் கையை வைத்தால் தெரியும். அந்தக் குரல் அப்படித்தான் வந்தது, காலுக்கு அடியிலிருந்து. சொல் ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கதவோரம் நின்ற மணப்பெண் சுகந்தியின் கண் நிறைந்துவிட்டது. அவள் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இரண்டாவது சரணத்தில் பந்தி பரிமாற வந்த பெண்கள் வாளியோடு நின்றுவிட்டார்கள். அப்போதுதான் உன் மாமனார் எழுந்தார். யாழ்ப்பாணத்தில் கணக்காளராக இருந்தவர், நாள் நட்சத்திரம் பார்க்காமல் குடைகூட வாங்கமாட்டார். அது உனக்கே தெரியும்.

"சம்பந்தி, இது என்ன, செத்த வீட்டுப் பாட்டு மாதிரிக் கிடக்கு? நல்ல காரியம் நடக்கிற இடம். நிப்பாட்டச் சொல்லுங்கோ" என்றார்.

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உன் மாமனாரின் கை உயர்ந்ததே போதும். இஸ்மெத் ஒரு வரியின் நடுவில் நிறுத்தினார். வாய்கூட முழுதாக மூடவில்லை. உட்கார்ந்தார், வடையைச் சாப்பிட்டார், "நல்ல வடை" என்று என்னிடம் சொன்னார். எனக்குத்தான் வடை இறங்கவில்லை. எத்தனையோ காலத்துக்குப் பிறகு ஒரு மனிதன் வாயைத் திறந்தான், அதை நம் வீட்டு விசேஷத்தில் அடைத்துவிட்டோமே என்று இருந்தது.

அடுத்த வகுப்புக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்த வகுப்புக்கும் இல்லை. பயந்துகொண்டே அமீராவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். மன்னிப்புக் கேட்க வார்த்தையெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவள் சிரித்தாள். "கோபமாக இருக்கிறார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இங்கே வந்ததிலிருந்து அவர் எதற்கும் கோபப்பட்டதே இல்லை. இப்போது அடுப்படியில் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறார். 'மூன்றாவது சரணத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டாரே! துப்பாக்கி வைத்திருந்தவன்கூட என்னை மூன்றாவது சரணத்துக்கு முன்னால் நிறுத்தியதில்லை' என்கிறார்."

"மூன்றாவது சரணத்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்டேன்.

சொன்னாள். அதைக் கேட்டதும் நான் தொப்பியை எடுத்துக்கொண்டு பஸ் பிடித்து நேராக உன் மாமனார் வீட்டுக்குப் போனேன். அது இஸ்மெத்தே எழுதிய பாட்டு. அவர் நாட்டில் கல்யாணம் தவறாமல் பாடுவார்களாம். முதல் சரணத்தில் அம்மா பெண்ணின் சீப்பையும் செருப்பையும் தடவிப் பார்க்கிறாள். இரண்டாவதில் அப்பா, முற்றத்தில் இல்லாத வேலையைத் தேடுகிறார், யாரும் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்று. மூன்றாவதில் மாப்பிள்ளையின் குதிரை நகரமாட்டேன் என்கிறது. பெண் வீட்டுத் தோட்டத்தில் அது ப்ளம் பழத்தை மூக்கு முட்டத் தின்றுவிட்டது. மாப்பிள்ளை இழுக்கிறான், அது உட்கார்ந்துகொள்கிறது. அழுத வீடு முழுக்க விழுந்து விழுந்து சிரிக்கிறது. பெண் இன்னும் ஒரு ராத்திரி அம்மா வீட்டில் தங்குகிறாள். நாம் சிரிப்புக்குச் சில வரிகள் முன்னால் நிறுத்தியிருக்கிறோம்.

உன் மாமனார் கதவைத் திறந்தபோது ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிறுத்தினார். உள்ளேயிருந்து சம்பந்தி அம்மா, "சம்பந்தி, நீங்களே கேளுங்கோ. நிப்பாட்டின மனுசன் முகம் கழுவேக்கையும் அதைத்தான் பாடுறார். அதுவும் பிழையாப் பாடுறார்" என்றார்.

"நான் எங்க பாடினனான்? அது தானா வருகுது. காதுக்குள்ள புகுந்திட்டுது" என்றார் அவர். நான் மூன்று சரணத்தின் கதையையும் சொன்னேன். குதிரை உட்காரும் இடத்தில் சம்பந்தி அம்மா சிரித்துவிட்டார். அவர் சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முற்றத்தில வேலை தேடுற தகப்பன் எண்டு சொன்னியளே, அது ரெண்டாவதிலயோ?"

"ஆமா."

"சரி. எண்டாலும் கலியாண வீட்டில அழுகைப் பாட்டு கூடாது, சம்பந்தி. நான் சொல்லுறது பிழையோ?"

"பிழை இல்லை. ஆனா பொண்ணை அனுப்பி வைக்கும்போது உங்க பக்கத்துல அழமாட்டாங்களா?"

"அழாமல்? பொம்பிளை கால்மாறி மாப்பிள்ளை வீட்டுக்குப் போகேக்க ஆர்தான் அழேல்லை? என்ர மாமனார் வேலியைப் பிடிச்சுக்கொண்டு அழுதவர். வேலி சரிஞ்சு போச்சுது." இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். பிறகு மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சொன்னார்: "அப்ப, அந்த நேரத்தில பாடலாம். தாலி கட்டி, சாப்பிட்டு, எல்லாம் முடிஞ்ச பிறகு, பிள்ளை காரில ஏறேக்க. அந்த நேரத்துக்கு ஒரு குற்றமும் இல்லை."

இடம் கிடைத்துவிட்டது. ஆனால் ஒரு கலைஞரைச் சும்மா வா என்று கூப்பிட முடியுமா? வெற்றிலை பாக்கு வைத்துத்தான் அழைக்க வேண்டும் என்று உன் மாமனார் பிடிவாதமாகச் சொன்னார். அந்த வாரம் இந்தியக் கடையில் வெற்றிலை இல்லை. எங்கள் ஆங்கில ஆசிரியை மாவோரி அம்மாள், இந்த நாட்டின் பூர்வகுடி; அவளிடம் கேட்டேன். அவள் வீட்டுக் கொல்லையிலிருந்து கவாகவா என்ற இலையைப் பறித்துத் தந்தாள். வெற்றிலைக்குத் தங்கை மாதிரி இருக்கிறது, இதய வடிவம், காரமும் உண்டு. ஆனால் ஒவ்வொரு இலையிலும் புழு தின்ற ஓட்டை. "ஓட்டை உள்ளதுதான் நல்ல இலை, புழுவுக்குத் தெரியும்" என்றாள். உன் மாமனார் அதைக் கேட்டுவிட்டு, "புழுவுக்குத் தெரியும், பஞ்சாங்கத்துக்குத் தெரியாது" என்று சொல்லி, ஓட்டையில்லாத இலைகளைத் தேடித் தேடி அடுக்கினார். அரை மணி நேரம் ஆனது.

இருவருமாகத் தட்டோடு இஸ்மெத் வீட்டுக்குப் போனோம். அமீரா செம்புக் கிண்டியில் காப்பி கொண்டுவந்தாள். உன் மாமனார் நின்றபடியே இரண்டு கையாலும் தட்டை நீட்டி, ஆங்கிலத்தில், ஒரு அலுவலகத்தில் பேசுவதைப் போலச் சொன்னார்: "என் மகள் புறப்படும்போது நீங்கள் பாட வேண்டும். அன்றைக்கு நான் உங்களை நிறுத்தியது தவறு." இஸ்மெத் தட்டை வாங்கினார். ஓர் இலையை எடுத்து வாயில் போட்டு மென்றார், முகம் சுருங்கியது, மரியாதைக்காக விழுங்கினார். பிறகு, "ஒரு நிபந்தனை" என்றார். "பாதியில் நிற்கிற பாட்டை வைத்துக்கொண்டு என்னால் தூங்க முடியவில்லை. மிச்சத்தை இப்போதே கேட்க வேண்டும்."

அந்த அடுப்படியில், காப்பிக் கோப்பைகளுக்கு நடுவில், நிறுத்திய அதே வரியிலிருந்து தொடங்கினார். தொழிற்சாலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. உன் மாமனார் நாற்காலி நுனியில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். இரண்டாவது சரணம் முடிகிறவரை தரையையே பார்த்தார். குதிரை வந்ததும் அமீரா தன் கையால் அது உட்காருவதைக் காட்டினாள். அப்போது அவர் சிரித்தார் பார், தம்பி, கண்ணில் தண்ணீரோடு சத்தமாக, அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. முடிந்ததும் எழுந்து இஸ்மெத்தின் கையைப் பிடித்து, தமிழிலேயே, "ஓம், இப்ப சரி" என்றார். இஸ்மெத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

உன் மாமனாரைப் பற்றி எனக்கு நிம்மதி வந்தது அன்றைக்குத்தான். நாளைக்கு உன்னையும் அவர் 'நிப்பாட்டு' என்பார். சொல்லட்டும். நிறுத்திவிட்டு, அவர் முகம் கழுவும்போது என்ன முணுமுணுக்கிறார் என்று காத்திருந்து கேள். கோபத்தில் சொன்னதைவிட அதுதான் அவருடைய பதில். செல்வியின் கல்யாணம் உனக்கு நினைவிருக்கும். கோலாலம்பூர் மண்டபத்தில் நேரம் முடிந்துவிட்டது என்று காவலாளி விளக்கை அணைத்துவிட்டான். அம்மாவும் செல்வியும் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். இருட்டில் அழுகையை அப்படியே விட்டுவிட்டுப் பாத்திரங்களை அள்ளினோம். நீகூட அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சிரிப்புக் காட்டினாய். அந்த அழுகையை அம்மா வீட்டுக்கு வந்து, மூன்று நாள் கழித்து, துணி மடிக்கும்போது முடித்தாள். அழுகைக்கும் அதற்குரிய நேரத்தைக் கொடுத்துவிட்டால் சிரிப்பு தானாக வந்துவிடும். அவசரப்படுத்தினால் இரண்டும் கெடும். புதிதாகக் குடித்தனம் நடத்தப் போகிறவனுக்கு இதைவிடப் பெரிய புத்தி என்னிடம் இல்லை.

நேற்று அமீரா கூப்பிட்டாள். பேசாமல் தொலைபேசியைக் குளியலறைப் பக்கம் நீட்டினாள். குழாய்ச் சத்தம், அதற்கு மேலே அவர் குரல். வேறு மெட்டு. நான் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லையாம். பாட்டுக்கு நான்காவது சரணம் ஒன்று எழுதுகிறாராம், உனக்காக. இந்த நாட்டில் குதிரைக்கு எங்கே போவது என்று மாப்பிள்ளைக்குக் கார் வைத்திருக்கிறார். அதுவும் கிளம்பமாட்டேன் என்கிறது. மாமனார்தான் பின்னாலிருந்து தள்ளுகிறார். உன் மாமனாரிடம் இதை இன்னும் யாரும் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

ஆகவே, தம்பி, நீ செய்ய வேண்டிய வேலை இதுதான். அன்றைக்குச் சுகந்தி காரில் ஏறி உட்கார்ந்ததும் சாவியைத் திருப்பாதே. யார் நேரமாகிறது என்றாலும், யார் கைகாட்டினாலும் திருப்பாதே. முதல் இரண்டு சரணத்துக்கு உன் மனைவி அழுவாள், கைக்குட்டை வைத்திரு. மூன்றாவதில் சிரிப்பாள். நான்காவது முடிந்ததும் உன் மாமனார் உண்மையாகவே வந்து காரின் பின்பக்கத்தில் கையை வைப்பார், எனக்கு நிச்சயம் தெரியும். அதற்கு அப்புறம் கிளப்பு. மெதுவாக.

நீ கேட்டிருந்த சமையல்காரர் விஷயம், வேட்டிக் கரை, யார் யாருக்கு அழைப்பு என்பதெல்லாம் அடுத்த வாரம் எழுதி அனுப்புகிறேன். அவசரமென்று செல்வியிடம் தொலைபேசியில் கேட்டுவிடாதே. அதையும் நான்தான் எழுதுவேன்.

அன்புடன்,
அப்பா